திரும்ப வாங்க முடியாத கடிதம்

போன தீபாவளிக்கு ஊருக்கு வந்த பேரன் ராத்திரி முழுக்க மொபைலில் இங்கிலாந்து ஃபுட்பால் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து நானும் எட்டிப் பார்த்தேன். மான்செஸ்டர், லிவர்பூல் எல்லாம் தாண்டி, கீழே கீழே போனால் சின்னச் சின்ன ஊர்களின் பெயர்கள். அதில் ஒன்று அக்ரிங்டன் ஸ்டான்லி.

"இந்த ஊரை எனக்குத் தெரியும்டா" என்றேன்.

"நீங்க இங்கிலாந்து போனதே இல்லையே தாத்தா?"

போனதில்லைதான். ஆனால் இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல் அந்த ஊர்ப் பெயரைக் கழிவுப் பஞ்சால் துடைத்திருக்கிறேன். நான் அப்ரண்டிஸாக மில்லில் சேர்ந்தது 1971-இல். எங்கள் ஸ்பின்னிங் டிபார்ட்மென்ட்டில் பழைய ரிங் ஃபிரேம்கள் ஒரு வரிசை ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் தலைப்பக்கமும் வார்ப்பிரும்பில் எழுத்து எழும்பி நிற்கும்: ஹோவர்டு அண்ட் புல்லோ, அக்ரிங்டன், இங்கிலாந்து. முதல் நாளே ஹெட் ஃபிட்டர் கூப்பிட்டு, "கண்ணு, மொதல்ல இந்தப் பேரு தெரியற மாதிரி தொடச்சு வை. மிஷினுக்கு மொகம் அதுதான்" என்றார். கோயமுத்தூர் மில்களில் வேலை பார்த்த நண்பர்கள் பலருக்கும் அந்த எழுத்து ஞாபகம் இருக்கும்.

மிஷின் செய்த ஊரில் ஒரு ஃபுட்பால் கிளப் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. அதற்குப் பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்ததில் மனசில் நின்றதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பருத்தி ஊர்

அக்ரிங்டன், மான்செஸ்டருக்கு வடக்கே சுமார் இருபது மைல். லங்காஷயர் மாவட்டம். ஒரு பக்கம் பிளாக்பர்ன், இன்னொரு பக்கம் பர்ன்லி; இரண்டும் ஐந்தாறு மைல் தூரம்தான். ஒட்டினாற்போல் இருக்கும் ஆஸ்வால்ட்விசில் பகுதியில்தான் ஜேம்ஸ் ஹார்கிரீவ்ஸ் 1760-களில் ஸ்பின்னிங் ஜென்னியை உருவாக்கினார். ஒரே ஆள் ஒரே சமயத்தில் பல கதிர்களில் நூல் நூற்கும் வித்தை அங்கே பிறந்தது. நம் வீட்டு ராட்டைகளுக்கு வந்த கேடும் அங்கிருந்து கிளம்பியதுதான்.

அந்த ஊரில் மூன்று வேலை: பருத்தி மில், மில்லுக்கு மிஷின் செய்யும் ஹோவர்டு அண்ட் புல்லோ, பிறகு செங்கல். 'நோரி' என்ற அவர்கள் ஊர்ச் செங்கல் இரும்பு மாதிரி கெட்டி. நியூயார்க் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கே போயிருக்கிறது. நெய்த துணிக்கு மிகப் பெரிய வாடிக்கையாளர் யார்? நாம்தான். 1913-இல் பிரிட்டன் ஏற்றுமதி செய்த பருத்தித் துணி சுமார் 700 கோடி கஜம். அதில் ஐந்தில் இரண்டு பங்கு இந்தியாவுக்கு வந்தது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த கிளப்பின் கதையை ஆட்டத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. சனிக்கிழமை மத்தியானம் ஷிப்ட் முடிந்து, கூலியை வாங்கிக்கொண்டு, நேராக மைதானத்துக்குப் போகிற கூட்டம் வளர்த்த கிளப் அது. மில் ஓடினால் கூட்டம். மில் நின்றால் அதுவும் நிற்கும்.

முதல் ராஜினாமா

உலகத்தின் முதல் ஃபுட்பால் லீக் 1888-இல் இங்கிலாந்தில் ஆரம்பித்தது. பன்னிரண்டு கிளப்கள். அதில் ஆறு லங்காஷயர் கிளப்கள்: பிளாக்பர்ன், போல்டன், பர்ன்லி, எவர்ட்டன், பிரஸ்டன், ஆறாவதாக அக்ரிங்டன்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். அந்த அக்ரிங்டன் வேறு, அக்ரிங்டன் ஸ்டான்லி வேறு. பலர் இரண்டையும் ஒன்றாகவே எழுதுகிறார்கள். லீகை ஆரம்பித்தவர்களில் ஒன்றான அந்த முதல் கிளப், 1893-இல் கீழ் டிவிஷனுக்கு இறக்கப்படும் நிலை வந்தது. நம் பள்ளிக்கூடத்தில் ஃபெயிலானால் அதே வகுப்பில் உட்கார வைப்பார்கள். அங்கே ஒரு வகுப்பு கீழே இறக்கிவிடுவார்கள். அந்த அவமானம் வேண்டாம் என்று இரண்டாம் டிவிஷனில் ஆட மறுத்து, கிளப் லீகை விட்டு விலகிக்கொண்டது. மூன்று வருஷத்தில், 1896-இல், கிளப்பே இல்லாமல் போயிற்று. ரோஷம் நல்லதுதான். ஆனால் ரோஷத்தால் சம்பளம் கொடுக்க முடியாது.

இதற்கிடையில் 1891-இல் ஸ்டான்லி தெருவில் உள்ள தொழிலாளர் சங்கக் கூடத்தைச் சேர்ந்தவர்கள் 'ஸ்டான்லி வில்லா' என்று ஒரு டீம் வைத்திருந்தார்கள். ஸ்டான்லி என்றால் நமக்குச் சென்னை ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வரும். அங்கே அது வெறும் தெருப் பெயர். ஊரின் பெரிய கிளப் லீகை விட்டுப் போனபின், காலியான இடத்தில் ஊர்ப் பெயரையும் தெருப் பெயரையும் சேர்த்துக்கொண்டு அக்ரிங்டன் ஸ்டான்லி ஆனார்கள்.

யுத்தம்

1914 ஜூலையில் ஹோவர்டு அண்ட் புல்லோவில் சம்பளத் தகராறு, கதவடைப்பு. ஆயிரக்கணக்கானோர் வேலையில்லாமல் வீட்டில் இருந்தார்கள். அடுத்த மாதமே யுத்தம் வந்தது. அந்த ஊர் மேயர் ஜான் ஹார்வுட் ஒரு படைப்பிரிவு திரட்டித் தருவதாக அரசாங்கத்துக்கு வாக்குக் கொடுத்தார். பத்தே நாளில் அக்ரிங்டனிலும் சுற்றுவட்டார ஊர்களிலுமாக ஆயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒரே தெரு, ஒரே மில், ஒரே டீம் பையன்கள் ஒன்றாகச் சேரலாம், ஒன்றாகச் சண்டை போடலாம் என்பது அன்றைய ஏற்பாடு. 'அக்ரிங்டன் கூட்டாளிகள்' என்றே அந்தப் படைக்குப் பெயர்.

1916 ஜூலை 1. பிரான்சில் சோம் யுத்தத்தின் முதல் நாள். செர் என்ற கிராமத்தை நோக்கி இந்தப் படையில் சுமார் 700 பேர் நடந்தார்கள். அரை மணி நேரத்துக்குள் 584 பேர் செத்தார்கள், காயம்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். சேர்ந்து போனவர்கள் சேர்ந்தே விழுந்தார்கள். ஒரு சின்ன ஊரின் ஒரு தலைமுறை இளைஞர்கள் ஒரு காலை நேரத்தில் போய்விட்டார்கள்.

இந்த அடிக்குப் பிறகும் அந்த ஊர் 1919-இல் பீல் பார்க் என்ற மைதானத்தில் கிளப்பைக் குடியேற்றி, 1921-இல் லீகின் மூன்றாம் டிவிஷன் வடக்குப் பிரிவில் இடம் வாங்கியது. இதை நினைத்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

நல்ல காலமும் கேலரியும்

அதற்குப் பிறகு நாற்பது வருஷம் ஸ்டான்லி பெரிதாக ஜெயிக்கவும் இல்லை, ஒரேயடியாக விழவும் இல்லை. ஆனால் காலடியில் மண் சரிந்துகொண்டிருந்தது. சுதேசி இயக்கம், நம் ஊர் மில்கள், ஜப்பான் துணி எல்லாம் சேர்ந்து லங்காஷயர் துணிக்கு இந்தியச் சந்தையை மூடின. 1931 செப்டம்பரில் வட்டமேஜை மாநாட்டுக்குப் போன காந்தி, அக்ரிங்டனிலிருந்து பத்து மைலுக்குள் இருக்கும் டார்வன் ஊருக்குப் போய் வேலையிழந்த மில் தொழிலாளிகளைப் பார்த்தார். அவர்கள் அவரை அன்போடு வரவேற்றார்கள். அந்தப் புகைப்படங்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அந்தக் கூட்டத்து மனுஷர்கள்தான் சனிக்கிழமைகளில் ஃபுட்பால் பார்த்தவர்களும்.

1950-களில் ஸ்டான்லிக்கு ஒரு நல்ல காலம் வந்தது. வால்டர் கால்பிரெய்த் என்ற ஸ்காட்லாந்துக்காரர் மேனேஜராக வந்தார். தன் நாட்டு ஆட்களாகவே கூட்டி வந்து, 1955-இல் பதினோரு பேரும் ஸ்காட்லாந்தில் பிறந்தவர்களாக ஒரு டீமை இறக்கினார். லீகில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. 1954-55 சீசனில் இரண்டாம் இடம். 1957-58-இலும் இரண்டாம் இடம். ஆனால் அன்றைய விதிப்படி வடக்குப் பிரிவில் முதல் இடம் பிடிக்கும் ஒரு கிளப்தான் மேலே போகும். இரண்டு முறை வாசற்படி வரை போய்த் திரும்பினார்கள். 1954-இல் பிளாக்பர்னோடு நடந்த ஒரு நட்பு ஆட்டத்துக்கு 17,000 பேருக்கு மேல் வந்திருக்கிறார்கள். இவ்வளவு கூட்டம் வருகிறதே என்ற நம்பிக்கைதான் அடுத்த காரியத்துக்குத் துணிச்சல் கொடுத்திருக்க வேண்டும்.

1958-இல் ஆல்டர்ஷாட் என்ற ராணுவ ஊரில், அணிவகுப்பு வேடிக்கை பார்ப்பதற்காகப் போட்டிருந்த ஒரு பெரிய கேலரி விலைக்கு வந்தது. 1,450 பவுண்டு. மலிவு என்று வாங்கிவிட்டார்கள். அதைப் பிரித்து, இங்கிலாந்தின் தெற்கிலிருந்து வடக்கே கொண்டுவந்து, மறுபடி நிறுத்துவதற்கு வாங்கிய விலையைப்போல் பல மடங்கு செலவானது. அணிவகுப்பு பார்க்கச் செய்த கேலரி ஃபுட்பால் பார்க்கச் சரிப்படவில்லை. பல இடங்களிலிருந்து ஆட்டம் சரியாகத் தெரியாதாம். நம் ஊரிலும் ஏலத்தில் மலிவாக வந்த மிஷினை வாங்கி, அதை ஓட வைப்பதற்குள் சொத்தை விற்றவர்கள் உண்டு.

பணம் தீர்ந்த கதை

அதே 1958-இல் வடக்கு, தெற்கு என்று பிரிந்திருந்த மூன்றாம் டிவிஷனைக் கலைத்து, நாடு முழுவதற்கும் மூன்றாம், நான்காம் டிவிஷன்கள் ஆக்கினார்கள். அதுவரை பக்கத்து ஊர்களுக்குப் பஸ்ஸில் போய் ஆடிவிட்டு வந்தவர்கள், இப்போது தெற்குக் கோடிவரை போக வேண்டியதாயிற்று. நல்ல மேனேஜர் போய்விட்டார். ஆட்டக்காரர்களை விற்றார்கள். 1960-இல் நான்காம் டிவிஷனுக்கு இறங்கினார்கள்.

1959-இல் இன்னொன்று நடந்தது. பிரிட்டிஷ் அரசாங்கம் பருத்தித் தொழிலுக்கென ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஓடாத, ஓடத் தேவையில்லாத கதிர்களையும் தறிகளையும் உடைத்தெறிந்தால் மில் முதலாளிக்கு நஷ்டஈடு. லங்காஷயரின் கதிர்களில் ஏறக்குறைய பாதி உடைக்கப்பட்டன. ஒரு மிஷினை உடைக்கும் சத்தம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் யார் டிக்கெட் வாங்கி ஆட்டம் பார்ப்பார்கள்?

1961 ஜனவரியில் ஆட்டக்காரர்களுக்கு வாரம் 20 பவுண்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்ற உச்சவரம்பு நீங்கியது. உழைப்பவனுக்கு நியாயமான கூலி. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பணக்கார கிளப்புக்கும் ஏழை கிளப்புக்கும் நடுவில் இருந்த ஒரே வேலியும் போயிற்று. அந்த வருஷம் டிசம்பரில் ஜிம்மி கிரீவ்ஸ் என்ற ஒரே ஆட்டக்காரரை லண்டனின் டாட்டன்ஹாம் 99,999 பவுண்டுக்கு வாங்கியது. அக்ரிங்டன் ஸ்டான்லியின் மொத்தக் கடன் சுமார் 60,000 பவுண்டு.

ஐந்தாறு மைலில் இருந்த பர்ன்லியோ 1960-இல் இங்கிலாந்தின் சாம்பியன். 1961-62-இல் லீகில் இரண்டாம் இடம், எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம் வரை போனார்கள். பஸ் ஏறினால் நாட்டின் சிறந்த டீமைப் பார்க்கலாம் என்னும்போது, உள்ளூரில் நான்காம் டிவிஷனில் கடைசியில் கிடக்கும் டீமுக்கு யார் வருவார்?

அந்த பர்ன்லியின் தலைவர் பாப் லார்டு கறிக்கடை வைத்து முன்னேறியவர்; கறாரான ஆள். அவரைத்தான் ஸ்டான்லிக்காரர்கள் உதவிக்குக் கூப்பிட்டார்கள். 1962 மார்ச் 2, வெள்ளிக்கிழமை சாயங்காலம், குரூ என்ற ஊரில் 4-0 என்று தோற்றார்கள். அது கடைசி ஆட்டம் என்று அன்றைக்கு ஆடியவர்களுக்கே தெரியாது. கணக்கைப் பார்த்த லார்டு, இதற்கு மேல் தேறாது என்று சொன்னார். மார்ச் முதல் வாரத்தில் லீகுக்கு ராஜினாமா கடிதம் போயிற்று.

கடிதம் போன பிறகுதான் ஊர் விழித்தது. பணம் தருகிறேன் என்று ஆள் வந்தார். கடிதத்தை வாபஸ் வாங்குகிறோம் என்று ஓடினார்கள். லீகின் செயலாளர் ஆலன் ஹார்டேக்கர் விதி என்றால் விதி என்பவர். மார்ச் 11-இல் ராஜினாமாவை லீக் ஏற்றுக்கொண்டது. அதுவரை ஆடியிருந்த 33 ஆட்டங்களும் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. ஜெயித்தது, தோற்றது, போட்ட கோல் எல்லாம் நடக்கவே இல்லை என்று ஆகிவிட்டது.

பாப் லார்டுதான் கிளப்பைக் கொன்றார் என்று அந்த ஊரில் இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு. பக்கத்து ஊர்க் கூட்டம் தனக்கு வரட்டும் என்று செய்தார் என்பது குற்றச்சாட்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நோயாளி ஏற்கெனவே மூச்சுத் திணறிக்கொண்டிருந்தார். டாக்டர் கையை விரித்தார். ஆனால் டாக்டர் இன்னும் ஒரு வாரம் பொறுத்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கும் இருக்கிறது. அதே அளவு கடனில் வேறு கிளப்களும் அன்று இருந்தன. அவர்கள் கடிதம் எழுதவில்லை, அதனால் பிழைத்தார்கள்.

ஆறு வருஷம், நாற்பத்து நான்கு வருஷம்

காலியான இடத்துக்கு லீக், ஆக்ஸ்போர்டு யுனைடெட்டை எடுத்துக்கொண்டது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

ஸ்டான்லி வட்டார லீகில் தட்டுத்தடுமாறி ஆடி, 1966 ஜனவரியில் மொத்தமாகக் கலைந்தது. பீல் பார்க்கில் கேலரியெல்லாம் போய், பிற்பாடு பள்ளிக்கூடப் பிள்ளைகள் விளையாடும் இடம் ஆயிற்று.

1968 அக்டோபரில் போல்டு தெருவில் உள்ள தொழிலாளர் சங்கக் கூடத்தில் ஊர்க்காரர்கள் சிலர் கூடினார்கள். கிளப்பை மறுபடி ஆரம்பிப்பது என்று முடிவு செய்தார்கள். பணம் இல்லை, மைதானம் இல்லை, ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லை. பெயர் மட்டும் இருந்தது. கிரவுன் கிரவுண்ட் என்ற ஒரு திடலைப் பிடித்து, 1970-இல் வட்டார லீகின் அடிமட்டத்தில் ஆட ஆரம்பித்தார்கள். 1891-இல் ஒரு சங்கக் கூடத்தில் பிறந்தது. 1968-இல் இன்னொரு சங்கக் கூடத்தில் மறுபிறவி.

அங்கிருந்து மேலே வருவது சுலபமில்லை. 1987 வரை கீழ் லீகில் முதல் இடம் பிடித்தாலும் தானாக மேலே போக முடியாது. மற்ற கிளப்கள் ஓட்டுப் போட்டுத்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஸ்டான்லி அந்த இடத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை. 1989-இல் பால் குடிக்கச் சொல்லி ஒரு டி.வி. விளம்பரம் வந்தது. லிவர்பூல் சட்டை போட்ட இரண்டு பையன்கள். பால் குடிக்காவிட்டால் அக்ரிங்டன் ஸ்டான்லியில் ஆடத்தான் லாயக்கு என்று இயான் ரஷ் சொன்னதாக ஒருவன் சொல்வான். அது யாரு என்று மற்றவன் கேட்பான். அதான் சொல்றேன் என்பான் முதலாமவன். நாடே சிரித்தது. ஊர்க்காரர்களுக்கு வலித்திருக்கும். ஆனால் செத்துப்போன பெயரை நாடு முழுக்க ஞாபகப்படுத்தியதும் அந்தப் பால் விளம்பரம்தான்.

1995-இல் உள்ளூர்த் தொழிலதிபர் எரிக் வாலி கிளப்பை எடுத்து நடத்தினார். 1997-இல் பிரெட் ஆர்மராட் என்ற பையனை பிளாக்பூலுக்கு 50,000 பவுண்டுக்கு விற்றார்கள். விற்கும்போது, பின்னால் நீங்கள் அதிக விலைக்கு விற்றால் எங்களுக்கும் ஒரு பங்கு என்று எழுதி வாங்கியிருந்தார்கள். 2001-இல் பிளாக்பூல் அவரை சவுதாம்ப்டனுக்குப் பெரும் விலைக்கு விற்றபோது ஸ்டான்லிக்கும் ஒரு பெரிய தொகை வந்தது. 1962-இல் ஒரு கடிதத்தால் போனது. இந்த முறை ஒரு நல்ல ஒப்பந்தக் காகிதத்தால் நிமிர்ந்தது.

1999-இல் ஜான் கோல்மன் மேனேஜராக வந்தார். வந்த சீசனிலேயே ஒரு படி ஏறினார்கள். 2003-இல் இன்னொரு படி. 2006-இல் கான்ஃபரன்ஸ் என்ற ஐந்தாம் நிலை லீகில் சாம்பியன். இப்போது ஓட்டு வேண்டியதில்லை. ஜெயித்தவன் மேலே போகலாம். நாற்பத்து நான்கு வருஷம் கழித்து அக்ரிங்டன் ஸ்டான்லி லீகுக்குத் திரும்பியது. அதே சீசனில் கடைசி இடங்களுக்குப் போய் லீகிலிருந்து கீழே விழுந்த இரண்டு கிளப்களில் ஒன்று எது தெரியுமா? ஆக்ஸ்போர்டு யுனைடெட். 1962-இல் இவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள். கதையாக எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

2009-இல் மறுபடி ஆபத்து. வரி பாக்கி 3,08,000 பவுண்டு; கிளப்பை மூடச் சொல்லி வரி இலாகா கோர்ட்டுக்குப் போனது. இந்த முறை ஊர் முன்கூட்டியே விழித்துக்கொண்டது. உண்டியல் குலுக்கினார்கள், ஆதரவு திரட்டினார்கள். இலியாஸ் கான் என்ற தொழிலதிபர் முன்வந்து பாக்கியைத் தீர்த்தார். 1962-இல் தாமதமாக வந்த உதவி, 2009-இல் நேரத்துக்கு வந்தது. 2015-இல் பிளாஸ்டிக் டப்பா தயாரிக்கும் ஆண்டி ஹோல்ட் கிளப்பை வாங்கினார். இடையில் போய்விட்டுத் திரும்பி வந்திருந்த கோல்மன், 2018-இல் நான்காம் நிலையில் சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தார்.

ஸ்டான்லி மூன்றாம் நிலையில் ஆடிய ஐந்து வருஷத்தில், நான்கு வருஷம் எதிரே ஆடிய கிளப்களில் ஒன்று இப்ஸ்விச். 1962-இல், ஸ்டான்லி ராஜினாமா செய்த அதே சீசனில், இங்கிலாந்தின் சாம்பியன் அந்த இப்ஸ்விச்தான். அன்று ஒன்று உச்சியில், ஒன்று குழியில். பிறகு இரண்டும் ஒரே திடலில். 2023-இல் ஸ்டான்லி மறுபடி நான்காம் நிலைக்கு இறங்கியது. இந்த முறை யாரும் ராஜினாமா கடிதம் எழுதவில்லை.

நம் கணக்கு

சட்டப்படி பார்த்தால் 1891-இல் பிறந்த கிளப் 1966-இல் செத்துவிட்டது. இன்று ஆடுவது 1968-இல் பிறந்த வேறொன்று. ஆனால் அந்த ஊரில் எந்தப் பெரியவரும் அப்படிச் சொல்வார் என்று நான் நினைக்கவில்லை. பெயரும் ஊரும் பார்க்கிற ஜனமும் இருந்தால் கிளப் இருக்கிறது.

எங்கள் மில்லுக்கும் ஒரு ஃபுட்பால் டீம் இருந்தது. நீலச் சட்டை, வெள்ளைக் காலர். நான் ரைட் பேக். பெரிய ஆட்டக்காரன் இல்லை. காலில் அடிபடும் பயம் இல்லாதவன், அவ்வளவுதான். சாயங்கால ஷிப்ட்டில் இருப்பவர்களை மேட்ச் நாளில் மாற்றி விடுவார்கள். கேட்டுக்கு எதிரே இருந்த மைதானத்தில் லைனில் இருந்த குழந்தைகள் எல்லாம் வந்து கத்துவார்கள். 1990-களின் கடைசியில் மில் மூடியது. கொடுத்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தோம். பணத்துக்கு அவசரம், படித்துப் பார்க்கக்கூட இல்லை. பிறகு யோசித்துப் போனவர்களுக்கு, கையெழுத்துப் போட்டாயிற்றே என்ற பதில்தான் கிடைத்தது. அதனால் அந்த 1962 மார்ச் மாதத்துக் கதையைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

மிஷின்களை எடைக்குப் போட்டார்கள். அக்ரிங்டன் என்று எழுதிய இரும்பும் லாரியில் ஏறியது. ஒன்றையாவது கேட்டு வாங்கியிருக்கலாம். அன்றைக்குத் தோன்றவில்லை. அக்ரிங்டனில் அந்த மிஷின் செய்த தொழிற்சாலையும் இன்று ஓடவில்லை. செய்த இடமும் போயிற்று, ஓடிய இடமும் போயிற்று.

அவர்கள் கிளப் மட்டும் எப்படித் திரும்பி வந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். எங்கள் டீம் மில் முதலாளி கொடுத்தது. சட்டை அவர் வாங்கியது, பந்து அவர் வாங்கியது, மைதானம் அவருடையது. மில்லோடு எல்லாம் போயிற்று. அவர்களுடையது தெருக்காரர்கள் ஆரம்பித்தது. அதனால்தான் எல்லாம் போன பிறகும் ஒரு சங்கக் கூடத்தில் உட்கார்ந்து, பெயர் நம்முடையதுதானே என்று சொல்ல முடிந்தது.

மில்லில் இருந்த நண்பர்கள் பலர் இதைப் படிக்கிறீர்கள். பொங்கல் கழிந்து முதல் ஞாயிறு வழக்கம்போல் கூடும்போது, பழைய டீம் போட்டோ யாரிடமாவது இருந்தால் எடுத்து வாருங்கள். 1978-இல் எடுத்தது ஒன்று இருந்தது. நடுவில் மாலையோடு கோப்பை இருக்கும். எங்கள் வீட்டில் இருந்ததைக் கரையான் தின்றுவிட்டது. லைனில் வளர்ந்த பிள்ளைகளின் பிள்ளைகள் பதினைந்து பேராவது பக்கத்தில் இருப்பார்கள். பந்து வாங்கும் செலவு என்னுடையது.